வாக்கை விற்றவன் யார்?

நமது சிறுகதைகளிலும் மேடை நாடகங்களிலும் தேர்தல் என்ற விஷயம் தலைகாட்டியதும் ஒரு பாத்திரம் தவறாது வந்து நிற்கிறது. அழுக்குச் சாரமும் கலைந்த தலையுமாக வரும் அப்பாத்திரம் ஒரு போத்தல் சாராயத்துக்கோ, ஒரு சேலைக்கோ, இரண்டு கூரைத் தகரத்துக்கோ தன் வாக்கை விற்றுவிடுகிறது. சபையில் சிரிப்பு எழுகிறது. பின்னர், பெரும்பாலும் ஆசிரியராகவோ பத்திரிகையாளராகவோ இருக்கும் கதாநாயகர், "இந்த மக்கள் திருந்தும்வரை நாடு திருந்தாது" என்று பெருமூச்செறிய, திரை விழுகிறது. முற்போக்கு என்ற முத்திரையுடன் வெளிவரும் ஆக்கங்களும் இதற்கு விலக்கன்று. அதனாலேயே இதனைச் சற்று விரிவாக ஆராய வேண்டியவர்களாக உள்ளோம்.

வாக்கு விலைபோவதில்லை என்று நாம் வாதிடப் போவதில்லை. தகரமும் அரிசிப் பொதியும் தேர்தற் காலத்தில் லயங்களுக்கும் குடிசைகளுக்கும் வந்து சேர்வது எல்லோரும் அறிந்த சங்கதி. நமது கேள்வி வேறு. தகரம் ஒழுகாத வீட்டில் இருப்பவனுக்கு யாரும் தகரம் கொடுப்பதில்லை. அவ்வாறாயின், அந்தத் தகரத்தைப் பெறுபவனின் ஒழுக்கத்தை அளக்கப் புறப்பட்ட எழுத்தாளர், அவன் கூரை ஐந்து ஆண்டுகளாக ஏன் ஒழுகியது என்பதைக் கேளாது விட்டது ஏன்? பொருளாதார ஏற்றத்தாழ்வு நிலவும் ஒரு சமுதாயத்தில், ஏழையின் அரசியற் பங்கு எந்த உருவில் வெளிப்படும் என்பதை அந்த ஏற்றத்தாழ்வே தீர்மானிக்கிறது. இந்த உண்மையை நமது தேர்தற் கதைகள் தலைகீழாக நிறுத்தியுள்ளன. இலங்கையின் வாக்குரிமை வரலாற்றைச் சிறிது புரட்டினாலே இது தெளிவாகும்.

முதலில் இந்தப் பெருமூச்சின் பூர்வீகத்தைக் காண்போம். 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த வேளையில், நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே வாக்காளர். சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உள்ள ஆண்களுக்கே அவ்வுரிமை இருந்தது. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது. அவ்வாண்டிலே தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்காகக் கேட்டது. கற்றறிந்த கனவான்கள் நிறைந்த தேசிய காங்கிரசோ அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையை வன்மையாக எதிர்த்தார். எழுத்தறியாப் பாமரன் வாக்கின் பெறுமதியை உணரான், பிறர் தூண்டுதலுக்கு ஆளாவான், விலைபோவான் என்பதே அக்காலத்து எதிர்ப்பின் சாரம். இன்றைய நமது கதாநாயகரின் பெருமூச்சு எந்த வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்களாக. பாமரன் ஒரு தடவையேனும் வாக்களிப்பதற்கு முன்னரே அவன் வாக்கை விற்பான் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது!

ஆணைக்குழுவின் 1928ஆம் ஆண்டு அறிக்கை எழுத்தறிவுத் தகுதியை நீக்கச் சொன்னது. ஆனால் 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்ற வாக்குகளால் அத்திட்டத்தை ஏற்றபோது, தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் ஒரு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இந்த நாட்டையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிடில் நிரந்தரக் குடியேற்றத்துக்கான சான்றிதழோ, பழைய எழுத்தறிவு, சொத்துத் தகுதிகளோ வேண்டும். ஏனையோருக்கு வாசலில் எடுக்கப்பட்ட தடி, மலைநாட்டானுக்கு மட்டும் வாசலிலேயே விடப்பட்டது.

வடக்கிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1931இல் சர்வஜன வாக்குரிமையின்கீழ் முதற் தேர்தல் நடந்தபோது, டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அழைப்பு விடுத்தது. வடக்கில் நான்கு தொகுதிகள் 1934வரை வெற்றிடமாகக் கிடந்தன. சாதி வேற்றுமைக்கு எதிராக உழைத்த அவ்விளைஞர்களின் நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும், பரம்பரை பரம்பரையாக எதிலும் ஒரு சொல் சொல்ல அனுமதிக்கப்படாதிருந்த ஒருவன், முதன்முதலாகக் கையில் கிடைத்த வாக்கைப் பயன்படுத்த மூன்றாண்டு காத்திருந்தான் என்பதும் வரலாறே. வாக்கு வந்த பின்னராவது என்ன நடந்தது? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் சம ஆசனத்துக்கும் சம குவளைக்கும், கோயில் வாசலைத் தாண்டுவதற்கும் உயிர்களைப் பலிகொடுத்துப் போராட வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவனுக்கு ஒரு வாக்கு. ஆனால் குவளை மட்டும் வேறு. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் தலைவர் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் சென்றபோதும், அது நியமன உறுப்பினர் என்ற வழியாகவே கைகூடியது. நிலமும் கிணறும் கூலியும் ஒரு பகுதியார் கையில் இருக்குமிடத்து, மற்றப் பகுதியாருடைய வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை நாம் சாத்திரம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மலைநாட்டுக்கு வருவோம். நமது தேர்தற் கதைகளின் சிரிப்புக்கு அதிகம் இலக்கானவன் அங்குள்ளவனே.

ஏழைக்கு அரசியற் பிரக்ஞை இல்லை என்பவர்கள் 1947ஆம் ஆண்டை மறந்தவர்கள். அவ்வாண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதியானார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கை கொடுத்தன. ஐக்கிய தேசியக் கட்சியால் 95 ஆசனங்களுள் 42ஐயே பெற முடிந்தது. துரையின் பங்களாவுக்கு எதிரே செருப்பைக் கையிலெடுத்து நடக்க வேண்டியிருந்தவன், துரையின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியான நாளிலிருந்து எட்டு வருடத்துக்குள் இது நடந்தது. இவன் எந்தப் போத்தலுக்கு விலைபோனான்?

விலைபோகாத வாக்கு பறிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நாம் வழக்கமாக இனப் பாரபட்சத்தின் சின்னமாகவே பேசி வருகின்றோம். அது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. அச்சட்டத்தின் உட்பொருளை நோக்குமிடத்து அதில் வர்க்கத்தின் கை தெளிவாகத் தெரிகிறது. வம்சாவளிப் பிரஜையென ஏற்கப்படுவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்தமைக்கோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று வேண்டும். பிறப்புப் பதிவு என்பது என்னவென்று அறியாத லயத்து அறையில் பிறந்தவன் தன் பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவான்? அதே சட்டம், பொதுவாழ்வில் சிறப்பெய்திய பெரியோருள் வருடம் இருபத்தைந்து பேருக்குப் பிரஜாவுரிமை வழங்க மந்திரிக்கு அதிகாரம் தந்தது. தேயிலையை நட்டவனுக்குப் பூட்டனின் கடுதாசி. சிறப்பெய்தியவருக்கு மந்திரியின் கையொப்பம்.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் தொடர்ச்சியான வதிவையும் போதிய ஜீவனோபாயத்தையும் நிரூபிக்கும்படி கேட்டது. ஏறத்தாழ 825,000 பேருக்காகச் சுமார் 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றை விசாரித்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் சென்றது. பிரஜாவுரிமை பெற்றவர் ஏறக்குறைய 134,000 பேரே. ஒரு விசாரணைக்கு ஒரு நாட்கூலி போகும். சாட்சியாக வருபவனின் கூலியும் போகும். விண்ணப்பம் எழுதுபவருக்கு ஒரு கூலி, பஸ்ஸுக்கு ஒரு கூலி. ஏதோவோர் ஆண்டில் ஊருக்குப் போய்த் தாயின் மரணச் சடங்கை முடித்துவந்த சில மாதங்கள், வதிவின் தொடர்ச்சியை முறித்துவிடவும் கூடும். அரசியலில் பங்குபற்றுவதற்கு நேரமும் பணமும் கடுதாசியும் வேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க முடியாது.

இதன் பின்விளைவில் இன்னொரு கொடுமையும் உண்டு. தொகுதிகளை வகுக்கையில் மக்கள் தொகை கணக்கிடப்பட்டது. அத்தொகையில் வாக்கிழந்தோரும் அடங்கினர். அதாவது, எண்ணுவதற்கு அவன் மனிதன், வாக்களிப்பதற்கு அல்லன். அவன் தலையை எண்ணிப் பெறப்பட்ட ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்தார். 1952 தொடக்கம் 1977 வரை தோட்ட மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றத்தில் இல்லை. இடையில் 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும், 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, 150,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவர்களின் கருத்தைக் கேட்க எந்தச் சபையும் இருக்கவில்லை.

இக்காலத்தில் அவர்கள் மௌனமாக இருந்தார்களா? வேலைநிறுத்தமே அவர்களின் வாக்காயிற்று. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைச் சுவீகரிக்கும் முயற்சியை எதிர்த்து டெவன் தோட்டத் தொழிலாளர் தெருவில் இறங்கியபோது சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். ஜூலையில் பொதுத் தேர்தல். வாக்குச் சாவடியில் இடமில்லாதவன் அதற்கு இரு மாதம் முன்னரே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டான்.

பிரஜாவுரிமை பின்னர் திரும்பி வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியோரையும் உள்ளே அழைத்தன. இன்று தேர்தல் நாட்களில் மலைநாட்டுச் சாவடிகள் வெறிச்சோடிக் கிடப்பதில்லை. அமெரிக்காவைப் பற்றி எழுதும் அறிஞர்கள் அங்கு ஏழை குறைவாகவும் செல்வந்தன் கூடுதலாகவும் வாக்களிப்பதைக் காட்டி, அதிலிருந்து சித்தாந்தம் வகுப்பர். அதை அப்படியே இங்கு பெயர்த்து நடுவது வீண். நமது ஏழை வரிசையில் நின்று வாக்களிக்கிறான். வாக்களித்த மறுநாள் என்ன ஆகிறது என்பதிலேயே அவனுக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம்.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்து வருகின்றன. துரையிடம் நேரே பேச முடியாதவன் தோட்டத் தலைவரிடம் பேச வேண்டும். தோட்டத் தலைவர் மாவட்டப் பிரதிநிதியிடமும், அவர் தொழிற்சங்கத் தலைமையிடமும் பேச வேண்டும். சங்கத்தின் தலைமையே கட்சியின் தலைமை. 1978 முதற்கொண்டு அதுவே பலமுறை மந்திரிப் பதவியும் ஆயிற்று. தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின்னர், சம்பளத்தைத் தீர்மானித்த கூட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவையும் இத்தகைய சங்கங்களே. சங்கத்தின் சந்தா தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கம்பெனியோடு பேரம் பேசுபவரும், அரசாங்கத்தில் அமர்ந்திருப்பவரும், வாக்குக் கேட்டு வருபவரும் ஒருவரேயாக இருக்கும்போது, அவருக்கு எதிராக வாக்களிப்பதென்பது முதலாளியையும் வழக்கறிஞரையும் நீதிபதியையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்வதாகும். இந்தச் சங்கங்கள் இல்லாதிருந்தால் அம்மக்களின் கதி இன்னும் கீழாகியிருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. பிரஜாவுரிமைப் போரில் அவற்றின் பங்கு பெரிது. ஆனால் சங்கம் உரிமையின் கருவியாக இருந்த நிலையிலிருந்து சலுகையின் வாசற்படியாக மாறிய கதையை எழுதாமல், அந்தப் படியில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பது எளிதான இலக்கியம். கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ 2024 நவம்பரிலேதான்.

ஜனநாயகத்தின் ஆரம்ப பாடசாலை ஊர்ச்சபை என்பர். அந்தப் பாடசாலையில் தோட்டத்தானுக்கு அனுமதி கிடைத்ததா? 1937இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வசித்த தொழிலாளர் அதன் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலே வாக்கு இருந்தது. ஆனால் அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டப் பாதை கம்பெனியின் பாதை, தோட்டக் குழாய் கம்பெனியின் குழாய். தான் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினரிடம் ஒருவன் தன் லயத்துக்கு முன்னால் ஒரு மதகு கட்டித் தரும்படி கேட்டால், சட்டத்தில் இடமில்லை என்ற பதிலையே பெற்றான். இத்தடையைத் தளர்த்தும் திருத்தம் 2018இலேயே வந்தது. முப்பது ஆண்டுகளாகத் தன் வாக்கினால் ஒரு மதகைக்கூடப் பெற முடியாதென்று அனுபவத்தில் கண்டவன், தேர்தலுக்கு முந்திய வாரத்தில் வரும் தகரத்தை வாங்கிக்கொள்வது அறியாமையா, கணக்கா? நமக்கு அது நல்ல கணக்காகவே தோன்றுகிறது.

இங்கு ஒரு வார்த்தை, நம் வாசகர்களுள் பெரும்பாலோரான ஆசிரியப் பெருமக்களுக்கு. இடமாற்றம் வேண்டியபோது பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு கல்வித் திணைக்களத்தின் படியேறியவர் நம்மிடையே எத்தனை பேர்? மகனின் உத்தியோகத்துக்கும், கடைக்கான அனுமதிப் பத்திரத்துக்கும், வீட்டுக்கு முன்னால் போகும் தெருவுக்குத் தார் போடுவதற்கும் மத்தியதர வகுப்பினர் அரசியல்வாதியை அணுகுவது தேர்தற் காலத்தில் மட்டுமா? அவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, கந்தோரில் ஒரு மைத்துனர் இருக்கிறார். அது "தொடர்பு" எனப்படும். ஏழைக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் மட்டுமே கதவு திறக்கிறது. அன்று அவன் கைநீட்டினால் அது "இலஞ்சம்" எனப்படும். பண்டத்தின் அளவை நிறுத்துப் பார்த்தால் எது பெரிதென்பதை ஆசிரியர்கள் தாமே கணித்துக்கொள்ளலாம்.

இதற்கும் மேலே, வாக்கை வாங்குவோரின் உலகம் ஒன்றுண்டு. தேர்தற் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று 2023இல் நமது நாட்டுக்கு வந்தது. அதன்கீழ் 2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வரை செலவிடலாம் என்று நிர்ணயிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 186 கோடியே 80 இலட்சம் ரூபா. இது கட்டுப்பாடு! 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபா நாட்கூலியில் மாதம் இருபத்தைந்து நாள் வேலை செய்யும் ஒரு தொழிலாளி, ஒரு சதமும் உண்ணாமல் சேர்த்தால் அத்தொகையை அடைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும். இருவரும் சமமான பிரஜைகள் என்றும், இருவரும் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடலாம் என்றும் சட்டம் கூறுகின்றது. இத்தொகைகளை யார் கொடுக்கிறார்கள், எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் இன்னும் ஒரு நல்ல சிறுகதையைப் படிக்கவில்லை. மொத்த வியாபாரியை விட்டுவிட்டுச் சில்லறைக்காரனைப் பிடிக்கும் பொலிஸ்காரனைப்போல் நமது இலக்கியம் நடந்துகொண்டிருக்கிறது.

வேறு வகையான எழுத்து நம்மிடம் இல்லாமலில்லை. தம்மைத் தேர்ந்த மக்கள் வாக்கிழந்ததைக் கண்ணாரக் கண்ட ஸி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களை இரக்கத்துக்குரிய பொருளாகவோ கேலிப் பொருளாகவோ ஆக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையைச் சக்தீ பால ஐயா தமிழில் தந்தார். தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களையும் ஸி. வி. தேடித் தொகுத்தார். கங்காணியையும் துரையையும் கிண்டல் செய்யும் அப்பாடல்களைக் கேட்டவர், பாடியவர்களுக்கு அரசியல் தெரியாதென்று சொல்லத் துணியார். வாக்குச் சீட்டு இல்லாத காலத்தில் கொழுந்து மலையில் உலவிய பகிரங்க அபிப்பிராயம் அது. கே. டானியலின் பஞ்சமர், வடக்கின் சாதி ஒடுக்குமுறையை நிலவுடைமையோடு பொருத்தி நோக்கியதால், ஒடுக்கப்பட்டவனின் பணிவை அவன் குணமாகக் கொள்ளாது, அப்பணிவு எதிலிருந்து பிறக்கிறது என்று தேடியது. கலைநயம் பற்றி டானியலோடு பிணங்குபவர்கள் இருக்கலாம். நமக்கும் சில இடங்களில் பிணக்கு உண்டு. எனினும் பார்வை சரியானது.

தேர்தலை எழுத விரும்பும் இளைய எழுத்தாளர்க்கு விஷயம் இல்லாமலில்லை. ஒன்றைச் சுட்டுகிறோம். பல தோட்டங்களில் லயத்து அறைகளுக்கென்று தனித்தனி விலாசம் நெடுங்காலமாக இருக்கவில்லை. கடிதங்கள் ஒரே பையில் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து பிரிக்கப்பட்டு, யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்த பின் கிடைத்த பிள்ளைகள் உண்டு. வீடு கம்பெனியுடையது, காணி அரசாங்கத்துடையது, உறுதி எவர் பெயரிலும் இல்லை. ஆகவே வீட்டு இலக்கமும் இல்லை. தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் பெற்ற சில குடும்பங்களைத் தவிர ஏனையோர் நிலை இதுவே. "உங்கள் வாக்கு உங்கள் உரிமை" என்று அரசாங்கம் அனுப்பும் வாக்காளர் அட்டையும் இந்தப் பையில்தான் வந்திருக்கிறது. அந்தத் தபாற்பையிலிருந்து தொடங்கும் ஒரு தேர்தற் கதையை நாம் எதிர்பார்த்திருக்கின்றோம்.